மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்: பைக் ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது

கேள்வி இதுதான்: ஏழு வருடம் ஓடிய 150 சிசி பைக். ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு பேட்டரி போய்விட்டது. காலையில் செல்ப் அமுக்கினால் ‘டக் டக்’ என்று ரிலே மட்டும் அடிக்கிறது. ஒரு மெக்கானிக் காயில் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் ஆர்ஆர் யூனிட் என்கிறார். எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும் இருந்தால், காயிலா, யூனிட்டா, வெறும் ஒயரா என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். பேட்டரி அடிக்கடி போகிறது என்றால் பெரும்பாலும் அது பேட்டரியின் குற்றம் அல்ல. ஈய அமில பேட்டரியைப் பாதி சார்ஜில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் தட்டுகளில் சல்பேட் படிகம் கட்டிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. சார்ஜ் குறைவாக ஏறும் வண்டியில் புது பேட்டரி போட்டால் அதற்கும் சில மாதங்களில் அதே கதிதான்.

முதலில் மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராங்க் ஷாப்ட்டின் நுனியில் காந்தச் சக்கரம் சுற்றுகிறது. மெக்கானிக்குகள் அதை ‘மேக்னட்’ என்பார்கள். அதற்குள் அசையாமல் நிற்கும் செம்புச் சுருள்தான் ஸ்டேட்டர் காயில். காந்தம் சுற்றும்போது காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். பேட்டரிக்கு வேண்டியது டிசி, அதுவும் 14 வோல்ட் சுற்றளவில். ஏசியை டிசி ஆக்குவது, வோல்ட்டை மட்டுப்படுத்துவது ஆகிய இரண்டு வேலையையும் செய்வது ரெகுலேட்டர் ரெக்டிபையர். நாம் சுருக்கமாக ஆர்ஆர் யூனிட் என்கிறோம். முதுகில் வரிவரியாகத் தகடு வைத்த அலுமினியப் பெட்டி அது. அங்கிருந்து மின்சாரம் பியூஸ் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. காயில், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்), யூனிட், பியூஸ், பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவை பாடியோடு சேர்க்கும் இணைப்பு): சார்ஜ் ஏறாத கோளாறு பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றில்தான் இருக்கும்.

தேவையானவை: 830 வகை சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கூடவே 8, 10 மிமீ ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர். வண்டியை சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மூடிய கார் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் தவறிப் போய் பிரேமில் பட்டாலும் ஷார்ட் ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. நிறைய வண்டிகளில் கோளாறு இந்தத் தளர்ந்த நட்டோடு முடிந்துவிடும்.

இப்போது மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டி ஓட்டி முடித்த உடனே அளந்தால் பொய்யான எண் காட்டும், ஏனென்றால் தட்டுகளின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் நின்றிருக்கும். இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் சாவி போடாமல் அளக்க வேண்டும். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்குக் கீழே இருந்தால், வேறெந்தச் சோதனையும் செய்யும் முன் வெளிச் சார்ஜரில் போடுங்கள். காலிப் பேட்டரியை வைத்து மற்றதை அளந்தால் எல்லா எண்ணும் குழப்பும்.

சார்ஜர் என்றதும் ஒரு எச்சரிக்கை. கார் பேட்டரிக்கான 5 ஆம்பியர் சார்ஜரை பைக் பேட்டரிக்குக் கொடுக்காதீர்கள். பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவின் அளவு) பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், 9 ஏஎச் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர், பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, அதுவும் மேல்கோட்டைத் தாண்டாமல். குழாய்த் தண்ணீரோ வீட்டு ஆர்ஓ தண்ணீரோ வேண்டாம், அவற்றில் மிச்சமிருக்கும் தாது உப்பு தட்டைக் கெடுக்கும். சீல் செய்த பேட்டரியின் மூடியை நெம்பவே கூடாது.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை அரை நாள் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே தானாக இறங்கினால் அது முடிந்த பேட்டரி. அதற்கு மேல் நின்றால், வண்டியில் மாட்டி மீட்டரை முனைகளில் வைத்தபடி செல்ப் அமுக்குங்கள். எஞ்சின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு செல்பில் 7, 8 என்று விழுந்தால் பேட்டரிக்கு உள்ளே பலம் இல்லை. பேட்டரி சோதனை இவ்வளவுதான்.

அடுத்தது எஞ்சினை ஓட விட்டு அளப்பது. இந்த ஒரு அளவே பாதி விடையைச் சொல்லிவிடும். எஞ்சினைச் சூடேற்றி, ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்து, பேட்டரி முனைகளில் அளந்துகொண்டே ஆக்ஸிலரேட்டரை 4,000 முதல் 5,000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று காட்டும் டாக்கோமீட்டர் இல்லையென்றால் நாலாவது கியரில் 50 கிமீ வேகத்தில் போகும்போது கேட்கும் எஞ்சின் சத்தத்தை நினைவில் வைத்து அந்த அளவுக்குக் கொடுங்கள். சில விநாடிகள் போதும், காற்று படாமல் நிற்கும் எஞ்சினை வெகுநேரம் ஏற்றி வைக்காதீர்கள். 13.5-க்கும் 14.8-க்கும் நடுவே நின்றால் சார்ஜிங் நலம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது, 13 சுற்றளவில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் 12.5-லேயே நின்றாலோ இறங்கினாலோ சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டி ஏறினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. பேட்டரியில் அடிக்கடி தண்ணீர் குறைவதும், பக்கவாட்டில் உப்புவதும், பல்புகள் வரிசையாகப் பியூஸ் ஆவதும் அதனால்தான்.

இங்கே ஊரெங்கும் நடக்கும் இரண்டு தவறான சோதனைகளைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ‘வண்டி நிற்கவில்லை, அதனால் காயில் நல்லது’ என்பார்கள். பேட்டரிதான் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கும் தலையணை. அதைப் பிடுங்கினால் வோல்ட் திடீரென எகிறும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகை விதிக்குப் பிறகான பியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), டிஜிட்டல் மீட்டர் எல்லாம் அந்த ஒரு நொடியில் போகலாம். அவற்றின் விலைக்குப் பத்து பேட்டரி வாங்கலாம், தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டாவது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஹெட்லைட் பிரகாசமாகிறதா என்று பார்ப்பது. பழைய 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் காயிலிலிருந்து வரும் ஏசியிலேயே நேராக எரிகிறது. பேட்டரிக்கு ஒரு துளி சார்ஜ் போகாவிட்டாலும் லைட் பளபளக்கும்.

வோல்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். உடனே காயிலைத் திறக்காதீர்கள், முதலில் பியூஸும் கப்ளரும். மெயின் பியூஸ் நல்லதாக இருந்தாலும் அதன் கவ்வி துருப்பிடித்திருக்கலாம். பிறகு யூனிட்டிலிருந்து காயிலுக்குப் போகும் கப்ளரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான மூன்று பேஸ் வண்டிகளில் (காயிலில் மூன்று சுருள் தொகுப்பு உள்ளவை) ஒரே நிறத்தில், வழக்கமாக மஞ்சளில், மூன்று ஒயர் வரும். கப்ளரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, உருகியிருக்கிறதா, பின் கறுத்திருக்கிறதா? ஏழு வருட வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான். பின் கொஞ்சம் தளர்ந்தால் தொடும் இடம் சூடாகும், சூட்டில் பின் மேலும் தளரும், கடைசியில் உருகும். மழைத் தண்ணீர் இந்த வேலையைத் துரிதப்படுத்தும்.

கப்ளர் பிரிந்திருக்கும்போதே காயிலைச் சோதித்துவிடலாம். காயில் பக்கத்து மூன்று பின்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வையுங்கள். மீட்டரை 200 ஓமில் வைத்து 1-2, 2-3, 1-3 என்று அளந்தால் மூன்றும் ஒரே மாதிரி, சுமார் 0.1 முதல் 1 ஓம் வரை இருக்க வேண்டும். மலிவான மீட்டரின் சொந்த ஒயர்களே 0.3 ஓம் காட்டும். ஆகவே முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒவ்வொரு பின்னுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே அளந்தால் தொடர்பே இருக்கக்கூடாது, திரையில் இடதுபுறம் தனியாக 1 நிற்க வேண்டும். எண் ஏதாவது வந்தால் காயிலின் பூச்சு எரிந்து பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

இந்த எர்த் சோதனையில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஹீரோ ஹோண்டா வழி வந்த பழைய 100 சிசி வண்டிகள் போன்றவற்றில் காயிலின் ஒரு முனையை வேண்டுமென்றே பாடியோடு இணைத்திருப்பார்கள். வெள்ளை ஒயர் பேட்டரி சார்ஜுக்கு, மஞ்சள் ஒயர் லைட்டுக்கு. அங்கே ஒயருக்கும் பாடிக்கும் குறைந்த ஓம் காட்டுவதுதான் சரி. இது தெரியாமல் நல்ல காயிலைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர்.

ஓம் சோதனையில் தேறிய காயிலும் கெட்டதாக இருக்கலாம். சில சுற்றுகள் மட்டும் தங்களுக்குள் ஷார்ட் ஆனால் ஓமில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது. உண்மையைச் சொல்வது ஏசி சோதனைதான். கப்ளரை மாட்டாமலே எஞ்சினை ஓட்டி, மீட்டரை 200 வோல்ட் ஏசியில் வைத்து அதே மூன்று ஜோடிகளை அளங்கள். மூன்று பேஸ் காயிலில் 1,000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 15 முதல் 20 வோல்ட் வரும். 4,000-ல் 60 முதல் 80 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண்ணைவிட முக்கியம், மூன்றும் சமமாக இருப்பது. இரண்டு ஜோடி 65, ஒன்று 35 என்றால் காயில் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். மூன்றும் சமமாக, ஆனால் எல்லாமே பாதி என்றால் காந்தம் பலம் இழந்திருக்கலாம், இது அபூர்வம். இந்த வோல்ட் ஷாக் அடிக்கும், பின்னைக் கையால் தொடாதீர்கள். ஓடும்போது மீட்டர் தாறுமாறாகக் குதித்தால் அதன் ஒயர்களை ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

காயில் தேறினால், கப்ளரைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓட்டி ஒயர் இழப்பை அளந்து பாருங்கள். எத்தனையோ பேர் தாண்டிப் போகிற சோதனை இது. மீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் சிவப்பு ஒயர் பின்னிலும் மறுமுனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் வைத்து 4,000 ஆர்பிஎம் கொடுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே எங்கோ பிடிப்பு சரியில்லை. இதையே யூனிட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் செய்யுங்கள். யூனிட் 14.2 அனுப்பியும் வழியில் 0.8 போனால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.4 மட்டுமே. யூனிட் நல்லது, காயில் நல்லது, பேட்டரி புதிது, ஆனாலும் மூன்று மாதத்தில் வண்டி படுத்துவிடும். பத்து ரூபாய் எர்த் நட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டு இறுக்கினால் தீர்ந்துவிடும் கோளாறு அது.

ஒயரும் சரி, காயிலும் சரி, வோல்ட் மட்டும் வரவில்லை என்றால் மிஞ்சுவது யூனிட். அதற்குள் ஏசியை டிசி ஆக்குபவை டயோட்கள், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு மாதிரி. யூனிட்டைக் கழற்றி மீட்டரை டயோட் குறியில் வைத்துச் சோதிக்கலாம். சிவப்பு முனையை ஒரு மஞ்சள் பின்னிலும் கறுப்பு முனையை யூனிட்டின் பாசிட்டிவ் பின்னிலும் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்டும், திருப்பி வைத்தால் எதுவும் காட்டாது. மூன்று மஞ்சளுக்கும் அப்படியே இருக்க வேண்டும். எதிலாவது இரண்டு பக்கமும் சுழியம் வந்தால் டயோட் ஷார்ட், இரண்டு பக்கமும் எதுவும் வராவிட்டால் திறந்துவிட்டது. டயோட் நன்றாக இருந்தாலும் ரெகுலேட்டர் பகுதி கெட்டிருக்கலாம், அதை இந்தச் சோதனை காட்டாது. மாஸ்பெட், சீரிஸ் எனப்படும் வேறு வகை யூனிட்டுகளில் எண்கள் வேறு மாதிரி வரும். 15-க்கு மேல் ஏறுகிற வண்டியிலும் குற்றவாளி பெரும்பாலும் யூனிட்தான். ஆனால் சில யூனிட்டுகளில் பேட்டரி வோல்ட்டை உணர இக்னிஷன் வழியாகத் தனி ஒயர் வரும். அதில் பிடிப்பு தளர்ந்தால் யூனிட் ‘பேட்டரி குறைந்திருக்கிறது’ என்று ஏமாந்து அதிகமாக அனுப்பும். புது யூனிட் போட்டும் 15.5 காட்டினால் அந்த ஒயரைப் பாருங்கள்.

காயிலும் யூனிட்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பைக் யூனிட்டுகள் ஷன்ட் வகை; வண்டிக்கு வேண்டாத மின்சாரத்தைக் காயிலையே ஷார்ட் செய்து சூடாகக் கழிக்கின்றன. அதனால் ஹெட்லைட்டை அணைத்து வைத்தால் காயிலுக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. காயில் எப்போதும் முழு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். யூனிட் உள்ளே ஷார்ட் ஆனால் காயில் எரியும். எரிந்த கப்ளர் ஒரு பேஸைத் துண்டித்தால் மற்ற பேஸ்களின் மேல் பாரம் ஏறும். ஒன்று போனதும் அதை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் அளக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

ஓடும்போது 14.2 காட்டுகிறது, ஆனாலும் நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி என்றால் அது கசிவு. சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் மாட்டுங்கள். முதலில் 10 ஆம்பியர் ஓட்டையில், எண் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவி போடவோ செல்ப் அமுக்கவோ கூடாது, மீட்டரே எரியும். சாதாரண வண்டியில் 1 மில்லி ஆம்பியருக்குள், டிஜிட்டல் மீட்டரும் கடிகாரமும் உள்ளதில் சில மில்லி ஆம்பியர் இருக்கலாம். 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.48 ஏஎச், 5 ஏஎச் பேட்டரி ஐந்தே நாளில் பாதியாகிவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எண் எப்போது விழுகிறது என்று பாருங்கள்: ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர் சாக்கெட், கடைசியாக ஆர்ஆர் யூனிட். யூனிட்டின் கப்ளரைப் பிடுங்கியதும் கசிவு நின்றால் உள்ளே டயோட் கசிகிறது.

கூடுதல் விளக்குகளையும் கணக்கில் எடுங்கள். 20 வாட் பாக் லைட் (மூடுபனி விளக்கு) இரண்டு போட்டால் சுமார் 3 ஆம்பியர் தின்னும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. நகர நெரிசலில் ஐடிலிலேயே நிற்கிற வண்டிக்கு மிச்சம் எதுவும் இருக்காது. பாக் லைட்டை எரியவிட்டு ஐடிலில் பேட்டரியை அளந்தால் தாங்குமா தாங்காதா என்று உடனே தெரியும்.

இனி மாற்றும் வேலை. கப்ளர் உருகியிருந்தால் அதைச் சுரண்டி மாட்டாதீர்கள். கறுத்த ஒயர்ப் பகுதியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் வரை போய், புதுப் பின்னை கிரிம்ப் செய்து (ஒயரில் அழுத்திக் கவ்வவைத்து) புதுக் கப்ளர் போடுங்கள். ஒட்டுப் போட வேண்டியிருந்தால் பல இழை ஆட்டோ கேபிள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வீட்டு ஒயரிங்கின் ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் முறிந்துவிடும், இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் இளகி வழியும்.

யூனிட் மாற்றுவது எளிது, இரண்டு போல்ட். அது நிற்கும் இடத்தில் பெயின்டும் சேறும் இல்லாமல் துடையுங்கள், சூடு பிரேமுக்கு இறங்க வேண்டும். காற்று படும் இடத்தை விட்டு அதை சீட்டுக்கு அடியில் நகர்த்தாதீர்கள்.

காயில் மாற்ற எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது இடதுபக்க மூடிக்குள், ஆயிலில் நனைந்தபடி இருக்கும். ஆயிலை இறக்கிவிட்டுத் திறங்கள். மூடி போல்ட்டுகள் நீளம் மாறுபடும். அட்டையில் மூடியின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் காந்தம் பலமாக இழுக்கும், மாட்டும்போது விரல் நடுவே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்த காயில் பார்த்ததுமே தெரியும், சில சுருள்கள் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். புதுக் காயில் போல்ட்டுகளுக்கு திரெட் லாக் பசை, ஒயர் வெளியே வரும் ரப்பருக்கு சீலன்ட், மூடிக்குப் புது கேஸ்கெட். ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை உணர்த்தும் சிறிய பிக்கப் காயிலின் இடைவெளி முன்பிருந்தபடியே இருக்கட்டும். காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். 6 மிமீ போல்ட்டுகளுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அலுமினிய மரை சீக்கிரம் வழுக்கும்.

காயிலை வைண்டிங் கடையில் சுற்றிக்கொள்ளலாமா? அசல் கிடைக்காத பழைய வண்டிக்குச் செய்யலாம். ஆனால் 180 டிகிரி சூடு தாங்கும் எனாமல் கம்பி, அதே கனம், அதே சுற்று எண்ணிக்கை, கடைசியில் சூளையில் வைத்த வார்னிஷ் என எல்லாம் கேட்டு வாங்க வேண்டும். மோட்டார் பம்பு வைண்டிங் செய்யும் கம்பியையே சுற்றித் தந்தால் முதல் கோடையைத் தாண்டாது.

எல்லாம் முடிந்ததும் காலியான பேட்டரியோடு ஓட்டிப் பார்க்காதீர்கள், வெளிச் சார்ஜரில் நிறைத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு ஹெட்லைட்டோடு 4,000 ஆர்பிஎம்மில் ஒரு முறை, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு முறை அளந்து எண்ணைக் குறித்து வையுங்கள். சூடானபின் வோல்ட் 0.5-க்கு மேல் விழுந்தால் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தப் பின் இன்னும் சரியாக உட்காரவில்லை.